எஃப் ஒன்பது எழுதிய பதில்கள்

ஏப்ரல் 4

தம்பிக்கு,

இதைத் தாளில் எழுதித் தபாலில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மெயிலில் அனுப்பினால் இதற்கும் உன்னிடமிருந்து ஐந்து வரி வரும். அந்த ஐந்து வரியை எழுதுவது நீ இல்லை என்பது என் சந்தேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு, உன் மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்துத் துணி வெட்டும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ஒன்றரை வருடத்தில் முப்பத்தெட்டு. பரப்பின பிறகுதான் கவனித்தேன். ஒரே பேட்டர்னை வைத்து வெட்டின முப்பத்தெட்டு சட்டைக் கை மாதிரி இருந்தன. முதலில் 'அன்புள்ள அக்கா'. அடுத்து 'நீ கேட்டிருந்தாய்' என்று என் கேள்வியையே திருப்பி எழுதுவது. அதற்குப் பிறகு 'நீ யோசித்துச் செய்வது எதுவும் தப்பாகப் போனதில்லை, அப்படியே செய்'. அப்புறம் 'அப்பாவைக் கேட்டதாகச் சொல்'. கடைசி வரி மட்டும் மாறுகிறது: ஒன்றில் மழை, அடுத்ததில் ஜலதோஷம், மூன்றாவதில் வேலை அதிகம், நான்காவதில் மறுபடியும் மழை. உனக்கு இதுவரை பதின்மூன்று தடவை ஜலதோஷம் பிடித்திருக்கிறது. அதுவும் சரியாக மூன்று மெயிலுக்கு ஒரு தடவை! எந்த மூக்கடா அப்படிக் கணக்காக ஒழுகும்?

இருபது வருடமாக மற்றவர்கள் தைத்ததைப் பிரித்துத் திருத்தித் தைத்துக்கொண்டிருக்கிறேன். கையால் போட்ட தையலில் ஒன்று நெருக்கமாக இருக்கும், ஒன்று விலகி இருக்கும். மெஷின் போட்டது எது என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

இருந்தாலும் அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். மார்ச் 28 அன்று நான் அனுப்பிய மெயிலைப் போய்ப் பார். 'மாடி வீட்டுக்காரர் குளியலறையில் ஒட்டகம் வளர்க்கிறார். நானும் ஒன்று வாங்கட்டுமா?' என்று கேட்டிருந்தேன். நீ யோசித்துச் செய்வது எதுவும் தப்பாகப் போனதில்லை அக்கா, அப்படியே செய் என்று பதில் வந்தது. கூடவே மழை.

இப்போது ஒரே ஒரு கேள்வி. பிப்ரவரி 11 அன்று அப்பாவைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்டேன். நீ அனுப்பிய பதிலை நம்பி ஒரு காரியம் நடந்துவிட்டது, இனி அதைத் திருப்ப முடியாது. நான் கேட்டது என்ன? மெயிலைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்து, உன் கைப்பட எழுது.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் சிரித்தேன், பிறகு எரிச்சல் வந்தது. தம்பி ஐந்து வரி எழுதினால் அதை மேஜையில் பரப்பி வைத்துத் துப்பறிவாயா? உன்னைப் போய்த் தையற்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இங்கே செய்கிற வேலை உனக்குத் தெரியும். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று வருகிற புகார் மெயில்களுக்குப் பதில் எழுதுவது. ஒரு நாளைக்கு நூற்று இருபது. எல்லாவற்றுக்கும் 'வருந்துகிறோம்' என்று எழுதி எழுதி, வீட்டுக்கு எழுத உட்காரும்போதும் அதே கை வருகிறது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அதற்கு இதுதான் காரணம். ஜலதோஷம் நிஜம். ஆபீஸ் ஏசி நேராக என் தலையில் அடிக்கிறது.

ஒட்டகம் நகைச்சுவை என்று எனக்குத் தெரியாதா? நானும் நகைச்சுவையாகத்தான் பதில் எழுதினேன். உனக்குத்தான் புரியவில்லை.

பிப்ரவரி 11 மெயில் அப்பாவின் கண்ணைப் பற்றியது. சொட்டு மருந்தை மாற்றலாமா என்று கேட்டாய். நான் மாற்று என்றேன். கண் மருந்தை மாற்றினதற்கா திருப்ப முடியாத காரியம், அது இது என்று பயமுறுத்துகிறாய்? யார் உன் காதில் என்ன ஓதினார்கள் என்று சொல். நம் சித்தப்பா மகன் ஏதாவது சொன்னானா? அவன் என்னைப் பற்றி வாய் கூசாமல் எதையும் சொல்வான்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

யாரும் ஓதவில்லை. நீயாகத்தான் வந்து மாட்டிக்கொண்டாய்.

நான் கேட்டது கண்ணைப் பற்றி இல்லை. அப்பாவின் வலது காலைப் பற்றி.

டிசம்பரில் கட்டைவிரலில் வந்த புண் ஆறவில்லை என்று எழுதினேன். ஜனவரியில் கறுத்துவிட்டது என்று எழுதினேன். பிப்ரவரி 11 அன்று, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்பா சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று எழுதினேன். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டின மனிதர். 'பிரேக் மிதிச்ச காலும்மா, அதை எடுத்துட்டு என்னை எதுக்கு வச்சுக்கிறீங்க'ன்னு கேட்டார். கடைசியாகச் சொன்னார்: 'சின்னவன்கிட்ட கேளு. அவன் சொன்னா போடுறேன்.'

அதைத்தான் உன்னிடம் கேட்டேன். கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா? பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. நீ யோசித்துச் செய்வது எதுவும் தப்பாகப் போனதில்லை. அப்படியே செய். கூடவே உனக்கு ஜலதோஷம்.

அதை வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அப்பா கேட்டார், கையெழுத்துப் போட்டார். 13ஆம் தேதி அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் உனக்கு அனுப்பிய எட்டு மெயிலில், ஒட்டகத்தைத் தவிர ஏழிலும் அந்தக் கால்தான் இருக்கிறது. எட்டுக்கும் மழையும் ஜலதோஷமும் வேலையும் முறை வைத்து வந்தன. நீ படிக்கவே இல்லை, இல்லையா?

அப்பாவின் காலை எடுக்கலாம் என்று சொன்னது நீ இல்லை. உன் கம்ப்யூட்டர். இதை நான் எங்கே போய்ச் சொல்வேன்?

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். சப்பைக்கட்டு எதுவும் இதில் இல்லை.

நீ சந்தேகப்பட்டது சரி. எங்கள் ஆபீஸ் மெயில் பெட்டி ஆமை மாதிரி நகரும். அதனால் புகார்களை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் கொட்டி அங்கேயே பதில் தயாரிப்பேன். அதில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரே ஒரு மெயிலுக்கு நாம் பொறுமையாகப் பதில் எழுதினால், எந்த வரிக்குப் போனோம், எதை எடுத்தோம், எங்கே ஒட்டினோம் என்று ஒவ்வொரு விசையையும் எடிட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு விசையைத் தட்டினால் போதும், அடுத்த மெயிலுக்கு எல்லாவற்றையும் அதுவே செய்யும். கீபோர்டில் எஃப் ஐந்து விசை வாஷிங் மெஷினுக்கு. எஃப் ஆறு ஃப்ரிட்ஜுக்கு. எஃப் ஏழு கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்களுக்கு. இந்தப் பிரிவிலேயே நான்தான் வேகம் என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

எஃப் ஒன்பது உனக்கு. உன் மெயிலில் கடைசியாகக் கேள்விக்குறி இருக்கும் வரியைத் தேடி எடுத்து, 'நீ கேட்டிருந்தாய்' என்பதற்குப் பக்கத்தில் ஒட்டும். மழை, ஜலதோஷம், வேலை மூன்றையும் வரிசையாக மாற்றும். மாற்றினால் நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்று நினைத்தேன் பார்.

ஏன் என்று கேட்பாய். உன் மெயில் வந்தால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. முதல் வரி நலமா என்று இருக்கும், மூன்றாவது வரியில் 'அப்பா உன்னை நினைத்து' என்று தொடங்குவாய். பஸ் டிப்போவில் அப்பா யார் யார் காலிலோ விழுந்து வாங்கிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு, சொல்லாமல் ரயில் ஏறி, ஸ்டேஷனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பின பையன் நான். 'இனிமே எனக்கு போன் பண்ணாதே'ன்னு அவர் சொன்னார். நானும் வீம்புக்குப் பண்ணவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. உன் மெயிலைப் படிக்க எனக்குப் பயமாக இருந்தது அக்கா. படிக்காமல் பதில் அனுப்ப ஒரு வழி கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

முந்தாநாள் லீவு போட்டுவிட்டு முப்பத்தெட்டையும் ஒரே மூச்சாகப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன்.

நான் அப்பாவுக்கு எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரிய வேண்டும்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஒத்துக்கொண்டதே போதும். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் அதைக் கிளற வேண்டாம்.

அப்பாவுக்கு நேராக எதையும் எழுதாதே. எழுத்து வாசிக்கிற அளவுக்கு இப்போது அவருக்குக் கண் தெரியாது, எழுதினாலும் நான்தான் வாசிக்க வேண்டும். போன் செய்கிற எண்ணமும் இப்போதைக்கு வேண்டாம். கொஞ்சம் தேறட்டும். எதுவாக இருந்தாலும் எனக்கு எழுது, பக்குவமாக நான் சொல்லிக்கொள்கிறேன்.

செயற்கைக் கால் வந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கு வருகிறாள். கெட்டிக்காரி. கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறார். 'கிளட்ச் இல்லாத வண்டி மாதிரி இருக்கு'ன்னு அவளிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். திட்டினதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

நீ திட்டுவதை நிறுத்தினபோதே எனக்குப் பொறி தட்டியது. இரண்டு கடிதத்தில் என்னை உரித்துத் தொங்கவிட்டவள், நான் அப்பாவிடம் பேசுகிறேன் என்றதும் ஏன் இவ்வளவு நல்லவளானாய்? வேண்டாம், எழுதாதே, போன் செய்யாதே என்று ஒரு பக்கத்துக்குள் மூன்று தடவை. எதை மறைக்கிறாய்?

இன்றைக்கு அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, விஷயம் தெரிந்துவிட்டது. நீ கைப்பட எழுதச் சொன்னாயே, அந்த உறைகளின் பின்பக்கத்தில் என் முகவரி இருந்தது. அதில் ஒன்றை எடுத்து அப்பா அந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார், அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். அப்படியே கீழே எழுதுகிறேன், படித்துப் பார்:

'சின்னவனே, ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ எழுதினியே ஒரு லெட்டர், அக்கா வாசிக்க அரை மணி நேரம் ஆச்சு. சின்ன வயசுல பஸ்ல என் சீட்டுக்குப் பக்கத்துல பானெட் மேல உக்காந்து நீ என் கூட டிரிப் வந்ததெல்லாம் ஞாபகம் வச்சு எழுதியிருந்தே. கால் இல்லாட்டியும் எனக்கு நீங்க வேணும்ப்பான்னு எழுதியிருந்தே. அந்த ஒரு வரிக்குத்தான்டா கையெழுத்துப் போட்டேன். வாராவாரம் நீ எழுதுறதைக் கேக்கத்தான் நான் எந்திரிச்சு உக்காருறேன். நீ கூப்பிட்ட மாதிரியே வர்றேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி டிக்கெட் போடச் சொல்லிட்டேன். அக்காவும் பாவம், கொஞ்ச நாள் ஓய்வா இருக்கட்டும்.'

அக்கா, எஃப் ஒன்பது எழுதுவது ஐந்து வரி. வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. பானெட் ஏது? கால் இல்லாட்டியும் நீங்க வேணும் என்று எழுதினது யார்? நான் எப்போது அவரைக் கூப்பிட்டேன்?

என் கம்ப்யூட்டர் என்று சொல்லி என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாய். நானும் ஏறி நின்றேன். இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கே தெரியாமல் என் பெயரில் அப்பாவிடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாய்? நான் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு அறையில் இரண்டு பேர். செயற்கைக் காலோடு வருகிற மனிதரை நான் எங்கே வைப்பேன்?

தம்பி


மே 25

தம்பிக்கு,

பிடித்துவிட்டாய். நீயும் என் கூடப் பிறந்தவன்தானே.

உன் ஐந்து வரி வரத் தொடங்கிய புதிதில் அப்படியேதான் வாசித்தேன். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் 'அவ்வளவுதானா?' என்பார். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் உன் மெயிலை வாசித்து முடித்த பிறகும் என் கட்டைவிரல் போனில் நகர்ந்துகொண்டே இருந்தது, வாயும் நிற்கவில்லை. உன் மேற்பார்வையாளருக்குத் தொந்தி என்றேன். பஸ்ஸில் போகும்போது டிரைவர் கியர் மாற்றுவதைப் பார்த்து அப்பா நினைவு வந்தது என்று நீ எழுதியிருப்பதாகச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து 'அந்த ரூட்டுல என்ன வண்டி ஓடுதாம்?' என்று கேட்டார். அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. ஒன்றரை வருடமாக வாராவாரம் நீ எழுதிக்கொண்டிருக்கிறாய். மெயில் வராத வாரத்திலும் எழுதினாய். உன் தபால் வந்தபோதும் அதை அவர் பக்கத்திலேயே பிரித்தேன். நீ என்னைத் துப்பறிகிறவள் என்று கிண்டல் செய்ததை வைத்துக்கொண்டு வேறு எதையோ வாசித்தேன்.

பிப்ரவரியில் உன் பதில் வந்தபோது வார்டு வராந்தாவில் நின்றிருந்தேன். அப்படியே செய் என்ற வரியைப் பார்த்தேன். அதை மட்டும் வாசித்தால் அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்று தெரியும். டாக்டர் நாளைக்குள் சொல்லுங்கள் என்கிறார். உள்ளே போனேன், அரை மணி நேரம் வாசித்தேன். பானெட் மேல் உட்கார்ந்து போனது நீ இல்லை, நான். நான் போனதை நீ போனதாகச் சொன்னேன்.

ஆக, அவரைக் கையெழுத்துப் போட வைத்தது நீயும் இல்லை, உன் எஃப் ஒன்பதும் இல்லை. நான்தான். காலை எடுத்த பிறகு ஒவ்வொரு நாளும் கட்டு மாற்றும்போது அந்த மொட்டைக் காலைப் பார்ப்பவளும் நான்தான். நீ மெயிலைப் படிக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனால் பழியில் பாதியை உன் தலையில் வைத்தால் என் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்றும் நினைத்தேன். அதுவும் நிஜம்.

உன்னைக் கூப்பிட வைத்தது மார்ச்சில். பத்து நாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். நீ தரைத்தளத்தில் வீடு பார்த்திருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் பஸ் திருப்பும் இடம் தெரியும் என்றும், நடக்கத் தொடங்கினால் வந்துவிடலாம் என்றும் எழுதியதாகச் சொன்னேன். மறுநாள் காலை அவராகவே ஷூவைக் கேட்டார். ஒரு கால் ஷூவை.

முடியாது என்று நீ எழுது. இந்தத் தடவை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி வாசிக்கிறேன். நான் செய்ததையும் நானே அவரிடம் சொல்கிறேன். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார், அதனால் சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

உன் மேல் பயங்கரக் கோபத்தில் இருந்தேன். கோபத்தில் அந்தப் பெண் அனுப்பின கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, வாராவாரம் அப்பாவுக்கு எழுதுகிற அந்தச் சின்னவன் மேல் எனக்கே பொறாமை வந்துவிட்டது. அவன் நன்றாகத்தான் எழுதுகிறான். அவனை நம்பித்தான் அப்பா பெட்டி கட்டுகிறார். அவன் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். ஐந்து நாள் அலைந்து ஒரு வீடு பிடித்தேன். தரைத்தளம்தான். டயர் கடைக்குப் பின்னால் ஒரு அறை, சமையல் மேடை, குளியலறை. வாசலில் இரண்டு படி இருக்கிறது, தச்சரைக் கூப்பிட்டுச் சரிவுப் பலகை போடச் சொல்லியிருக்கிறேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாயிற்று. எந்த உயரத்தில் அடிப்பது என்று தெரியவில்லை. அப்பா என் காது வரைக்கும் இருப்பார் என்ற நினைப்பில் அடித்தேன். ஜன்னலைத் திறந்தால் பஸ் தெரியாது, டயர் கடைச் சுவர்தான். பஸ் நிலையத்துக்கு நடந்து பார்த்தேன், எட்டு நிமிடம். அப்பாவுக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டு எழுது.

நீ அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு உதவி செய். ஒன்றரை வருடமாக நான் எழுதின கடிதங்களையெல்லாம் எழுதி அனுப்பு. அவர் வந்து இறங்குவதற்கு முன்னால் நான் படித்து முடிக்க வேண்டும். மேற்பார்வையாளருக்குத் தொந்தி என்று தெரிந்துகொண்டேன். வேறு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்? அவர் ஏதாவது கேட்டு நான் முழித்தால் குட்டு உடைந்துவிடும்.

எஃப் ஒன்பதை அழித்துவிட்டேன்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

அனுப்ப என்னிடம் ஒன்றுமே இல்லை. எதையும் எழுதி வைத்து வாசிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாதி எனக்கே மறந்துவிட்டது. அப்பாவுக்கு மறக்கவில்லை. வரி தவறாமல் சொல்வார், அவரிடமே கேட்டுக்கொள். 'நான் அப்ப என்னப்பா எழுதினேன்?' என்று கேள், அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிரு. கேட்பதைப் போல அவருக்குப் பிடித்தது வேறு இல்லை, சொல்வதும் இனிமேல் பிடிக்கும்.

எட்டு நிமிட வழி அவருக்கு அரை மணி நேரம் ஆகுமாம். கம்பியைக் கொஞ்சம் இறக்கி அடி. உன் தோள் வரைக்கும்தான் இருப்பார். இந்த மூன்று வருடத்தில் குறுகிவிட்டார்.

20ஆம் தேதி மாலை இங்கே ரயிலில் ஏற்றி, பக்கத்து சீட்டுக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன், 22ஆம் தேதி காலை ஆறரைக்கு அங்கே வரும். எட்டாவது பெட்டி. கைத்தடி சீட் ஓரத்தில் இருக்கும், அவசரத்தில் விட்டுவிடாதே.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ எழுதின எந்தக் கடிதத்திலும், சொல்லாமல் ரயில் ஏறினதற்கு நீ மன்னிப்புக் கேட்கவில்லை. எத்தனையோ தடவை அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அவரும் அதற்காகக் காத்திருந்தது எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் வாசிக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அக்கா